நாலந்தா கெடிகே: இடம்பெயர்ந்த கற்றளி

ஈழத்துக் கட்டடக்கலை வரலாற்றிலே மாத்தளை மாவட்டத்து நாலந்தா கெடிகே தனித்து நோக்குதற்குரியது. வழிபாட்டால் இது பௌத்தப் படிமாலயம். அமைப்பாலோ திராவிடக் கற்றளி. அதிட்டானம், மண்டபம், கருவறை, அதன்மேல் விமானம் என்னும் உறுப்புகள் மாமல்லபுரத்துப் பல்லவர் கலையை நினைவூட்டுவன. மேற்றளத்துக் கூடொன்றிலே குபேரன் வீற்றிருக்கின்றான். இதன் காலத்தைக் கி. பி. 8 முதல் 10 வரையான நூற்றாண்டுகளுள் அறிஞர் வெவ்வேறாகக் கணிப்பர்.

மகாவலித் திட்டத்தின்கீழ்ப் போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது இத்தளி நீரில் மூழ்கும் நிலை எய்தியது. ஆதலின் 1970களிலே கற்கள் பிரித்தெடுக்கப்பட்டு, அணித்தே உயர்த்தப்பட்ட மேட்டில் மீளக் கட்டப்பெற்றது. எகிப்தின் அபு சிம்பெல் கோயில்களும் 1964 முதல் 1968 வரை இவ்வாறே பெயர்க்கப்பட்டன.

அருங்காட்சியகம் சிற்பத்தைக் கட்டடத்தினின்றும் பிரித்துக் காட்டும். இங்கோ கட்டடம் முழுவதுமே காட்சிப்பொருளாயிற்று. பழைய நிலம் நீருக்குச் சென்றது. கற்களின் சான்று எஞ்சியது. திராவிடக் கலை சைவ வைணவங்களுக்கே உரியது என்பார்க்கும், பௌத்தக் கலை பிறிதொன்றையும் ஏலாது என்பார்க்கும் அச்சான்றே மறுமொழியாகும். சமயத்தாலும் இனத்தாலும் கலையைக் கூறுபோடுதல் பிற்காலத்தார் வழக்கம். இத்தளியை எழுப்பிய சிற்பியர் அதனை அறிந்திலர்.