மேகலையும் சாதரும்

ஒவ்வோராண்டும் மணிமேகலையைப் பாடம் சொல்லத் தொடங்கும்போது, மேகலை என்னும் சொல்லுக்கு இடையில் அணியும் அணிகலன் என்று பொருள் கூறிவிட்டு நகர்வது என் வழக்கம். அதே வடசொல் பிரம்மபுத்திரா சமவெளியில் ஓர் ஆடையின் பெயராக நின்று வழங்குவதை மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். அசாமியப் பெண்கள் இடையிலிருந்து கணுக்கால் வரை உடுத்தும் துணி மேகலா. அதற்கு மேலே போர்த்துவது சாதர். முன்னது வடமொழி தந்தது, பின்னது பாரசீகம் தந்தது. அசாமியர் இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் ஒரே ஆடையாகச் சொல்கின்றனர்.

தொலைவிலிருந்து பார்ப்பவர் இதைச் சேலை என்றே கொள்வர். சேலை தைக்கப்படாத ஒரே நீளத் துணி; மேகலாவோ இரு ஓரங்களும் இணைத்துத் தைக்கப்பட்ட குழல் போன்றது. அதனுள் நுழைந்து, மிகுதியை மடித்து இடுப்பில் செருகுவர். சேலையின் கொசுவம் இடப்புறம் நோக்க, இதன் மடிப்பு வலப்புறம் நோக்கும். ஏறத்தாழ மூன்று கெஜம் நீளமுள்ள சாதரின் ஒரு முனையை முக்கோணமாக மடித்து மேகலாவில் செருகி, மறுமுனையைத் தோளின்மேல் இடுவர். இவ்விரண்டுக்கும் இடையே ரிஹா என்றொரு மூன்றாவது துணியும் உண்டு. ஒடுங்கிய நீண்ட அத்துணியே முன்பு மார்பை மறைத்தது. ரவிக்கை வந்தபின் அதன் தேவை குறைந்தது. இன்று பெரும்பாலும் மணப்பெண்ணின் உடலிலும் பிஹு ஆட்டக்காரியின் இடையிலுமே அதைக் காண முடிகிறது. தைத்த குழல் ஆடை மணிப்பூரின் பனேக்கையும் அதற்கும் கிழக்கே தாய் இனப் பெண்கள் உடுத்துவதையும் நினைவூட்டுகிறது. ஆக, பெயர் மேற்கிலிருந்தும் வடிவம் கிழக்கிலிருந்தும் வந்து கலந்ததாகக் கருத இடமிருக்கிறது.

துணி மூவகை. பாட் என்பது மல்பெரி இலை தின்னும் புழுவின் வெண்பட்டு. எரி என்பது ஆமணக்கிலை தின்னும் புழுவினது. நூற்று நெய்யும் கம்பளி போன்ற பட்டு, எளியோரின் குளிராடை. மூன்றாவதான முகா அசாமுக்கே உரியது. சாயம் ஏற்றாமலே பொன்னிறம் கொண்டது. இப்புழுவை வீட்டுக்குள் தட்டில் வைத்து வளர்க்க இயலாது. சோம், சுவாலு மரங்களின் மேல் ஏற்றிவிட்டுப் பறவைகளுக்குக் காவல் இருக்க வேண்டும். முதிர்ந்த புழுக்கள் இருட்டியபின் அடிமரம் வழியே தாமாகவே கீழிறங்கும். அவற்றைப் பிடித்து உலர்ந்த சருகுக் கட்டுகளில் விட்டால் கூடு கட்டும். புவிசார் குறியீடு இதற்கு 2007இல் கிடைத்தது. புகழோ மிகப் பழையது: காமரூப மன்னன் பாஸ்கரவர்மன் ஹர்ஷனுக்கு அனுப்பிய பரிசுகளில் பட்டாடைகள் இருந்ததைப் பாணபட்டர் பதிந்திருக்கிறார்.

இனித்தான் வரலாற்றின் சிக்கலான பகுதி. 1228 முதல் 1826 வரை நீடித்த அஹோம் ஆட்சியில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரதாப சிங்கன் அரசனாக இருந்தபோது, மொமாய் தாமூலி பர்பருவா என்னும் அதிகாரி வீடுதோறும் பெண்கள் நூற்கவும் நெய்யவும் வேண்டும் என்று கட்டளையிட்டதாக மரபு சொல்கிறது. அசாமியப் பெண்ணின் கைத்திறனைப் போற்றுவோர் இச்செய்தியைப் பெருமையாகவே எடுத்துரைப்பர். எனக்கோ அதில் ஓர் உறுத்தல் உண்டு. ஆடவர் படைக்கும் பொதுப்பணிக்கும் உழைப்பைத் தர வேண்டியிருந்த அரசில், பெண்ணின் தறியும் அக்கடமைக் கணக்கில் சேர்ந்துகொண்டது. 1921இல் அசாம் சென்ற காந்தியடிகள் அங்குள்ள பெண்களைப் பிறவி நெசவாளர் என வியந்து எழுதினார். அப்பிறவிக்குப் பின்னால் சில தலைமுறைகளின் கட்டளையும் இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணத்தான் வேண்டும்.

கவச காபோர் பற்றிய கதைகள் இக்கடமையின் உச்சம். போருக்குப் புறப்படும் கணவனுக்கு, ஓரிரவில் பஞ்சை எடுத்து, நூலாக நூற்று, பாவோட்டி, விடிவதற்குள் நெய்து முடிக்கும் துணி அது. அதை அணிந்தவனை ஆயுதம் தீண்டாது என்பது நம்பிக்கை. 1532இல் துர்பக் என்னும் படைத்தலைவனோடு நடந்த போரில் பிராசெங்முங் பர்கோஹாய் வீழ்ந்தார். விலக்கு நாளாக இருந்ததால் அவர் மனைவி மூலா காபருவால் அத்துணியை நெய்து தர முடியவில்லையாம். குற்ற உணர்வும் சினமும் மேலிட அவளே வாளெடுத்துக் களம் புகுந்து மடிந்தாள் என்கின்றனர். வீரக்கதை என்றே இதைச் சொல்கிறார்கள். கணவனின் சாவுக்குக்கூட மனைவியின் தறியே பொறுப்பு என்று ஒரு சமூகம் நம்பியதன் சான்றாகவும் எனக்கு இது படுகிறது.

எல்லா நெசவும் பெண்கள் கையில் இருந்ததில்லை. சங்கரதேவர் மேற்பார்வையில், கோச் இளவரசர் சிலாராயின் விருப்பப்படி பர்பேட்டா நெசவாளர்கள் உருவாக்கிய பிருந்தாவனி வஸ்திரம் தாந்தி சமூகத்து ஆடவர் கைவேலை. அம்மரபைச் சேர்ந்த நீண்ட துணியொன்று திபெத் வழியாக 1905இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது. கண்ணன் கதைகளை நெய்த ஆடவரின் துணி அருங்காட்சியகம் சென்றது. நாள்தோறும் உடுத்தித் தேய்ந்த மேகலாக்கள் எங்கே போயின என்று கேட்பாரில்லை.

பிரம்மபுத்திராவின் வடகரையில், குவஹாத்திக்கு மேற்கே உள்ள சுவால்குச்சி பட்டு நெசவின் பேரூர். 2013 மார்ச் இறுதியில் அவ்வூர் கொந்தளித்தது. வாரணாசி விசைத்தறிகளில் மலிவாக நெய்யப்பட்ட மேகலா சாதர்கள் கடைகளில் குவிந்ததைக் கண்டு, நெசவாளர்கள் அவற்றை வீதியில் போட்டு எரித்தனர். துப்பாக்கிச் சூடும் ஊரடங்கும் தொடர்ந்தன. இத்தனைக்கும் 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி மேகலாவும் சாதரும் கைத்தறிக்கே உரியவை. விசைத்தறி மேகலாக்களின் விற்பனையைத் தடுக்கும் நடவடிக்கையை மாநில அரசு 2023இல் மீண்டும் முடுக்கிவிட வேண்டியிருந்தது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் 31 லட்சத்துச் சொச்சம் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ 11 லட்சம் அசாமில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் தறியில் அமர்பவர் பெண்களே.

குற்றம் முழுவதும் வெளியூரார் மீதல்ல. முகா நூலின் விலை ஏறஏற, டசர் நூலைக் கலந்து முகா என்று விற்பது உள்ளூரிலேயே பெருகிவிட்டது. வாங்குபவரின் கண்ணுக்கு நிறம் ஒன்றுதான். ஆண்டுகள் பல சென்று, துவைக்கத் துவைக்கப் பளபளப்பு கூடுகிறதா மங்குகிறதா என்று பார்த்துத்தான் அந்த வீட்டு மருமகள் தன் மணநாள் சாதரின் உண்மையை அறிந்துகொள்வாள்.