குதிரைக்குக் கிடைத்த நீதி

பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைத்தபோது, குற்றம் சாட்டப்பட்டவனும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவனும் ஒருவனே. அவன் மானமுள்ள மன்னனாதலின் தன் தவற்றைத் தானே உணர்ந்து உயிர் நீத்தான். எல்லா அரசும் அவ்வாறு இருக்குமென நாம் எதிர்பார்த்தல் இயலாது. ஆகவே அரசையும் ஒரு தரப்பாக நிறுத்தி, நடுவர் ஒருவர் முன் வழக்காடும் உரிமை வேண்டப்படுகிறது. அவ்வுரிமை நம் நாட்டில் வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சட்டம் தடுத்தவை நீங்கலாக, உரிமையியல் தன்மையுடைய எல்லா வழக்குகளையும் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிறது. நிலம், கடன், ஒப்பந்தம் முதலியவற்றில் நமக்குள்ள உரிமையைப் பிறர் மறுத்தால் வழக்குத் தொடுக்கலாம். மறுப்பது அரசாயின்?

இவ்வினாவுக்கு 1861இல் கல்கத்தாவில் விடை பிறந்தது. கிதர்ப்பூரில் அரசுக் கப்பல் தளத்துத் தொழிலாளர் சுமந்து சென்ற இரும்புத் துண்டு ஓசையுடன் விழ, ஒரு கப்பல் நிறுவனத்தின் வண்டிக் குதிரை மிரண்டு காயமுற்றது. நிறுவனம் 350 ரூபாய் கேட்டது. வணிகர் போல் அரசு செய்யும் தொழிலில் நேர்ந்த தவற்றுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும். ஆட்சியதிகாரத்தால் செய்வனவற்றுக்கு அப்பொறுப்பு இல்லை என்றது நீதிமன்றம்.

இப்பாகுபாடு விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. மாவட்ட ஆட்சியரின் ஜீப் மோதி உதயப்பூரில் ஒருவர் இறந்த வழக்கில், அவர் குடும்பத்துக்கு இராஜஸ்தான் அரசு 15,000 ரூபாய் தரவேண்டும் என்ற தீர்ப்பை 1962இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் 1947இல் மீரட் காவலர் கைப்பற்றிய தங்கத்தைத் தலைமைக் காவலர் ஒருவரே கவர்ந்து ஓடிய வழக்கில், கைது செய்தலும் பொருளைக் கைப்பற்றலும் ஆட்சியதிகாரம் என்று கூறி, 1964இல் அதே நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. அன்னியர் ஆட்சியில் குதிரைக்குக் கிடைத்த நீதி, குடியாட்சியில் குடிமகனுக்குக் கிடைக்கவில்லை! 1994இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமே இப்பழைய பாதுகாப்பைப் பெரிதும் குறுக்கியது.

அரசின்மீது வழக்கிடுவோர் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாதம் முன்னதாக அறிவிப்பு அனுப்புதல் வேண்டும். அவசரமாயின் நீதிமன்ற இசைவுடன் அதனை விலக்கலாம் என்பது 1976இல் வந்த திருத்தம். அவ்வறிவிப்பு, தவற்றை அரசே திருத்திக்கொள்ளத் தரப்படும் வாய்ப்பாகும். அலுவலகக் கோப்புகளில் அதனை வெறும் தாளாகக் கருதி உறங்கவிடாமல், குடிமகன் குரலாகக் கேட்பதே அரசுப் பணியாளராகிய நம் கடமை. கண்ணகியின் குரலைக் கேட்ட பாண்டியனுக்கு அவ்விரண்டு மாதம் தேவைப்படவில்லை.