பத்து விநாடிச் சான்று

ஒரே ஒரு மாத விலைப்புள்ளியை வைத்து விலைவாசியின் போக்கைக் கணிக்காதீர்கள் என்று பொருளாதார வகுப்பில் ஆண்டுதோறும் வலியுறுத்தி வந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு அந்தப் பாடத்தை என் இதயம் எனக்கே நடத்தியது. நள்ளிரவில் நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தது. காலையில் மருத்துவமனையை அடைவதற்குள் அடங்கிவிட்டது. அங்கு எடுத்த இசிஜி இயல்பாக இருந்ததால், மனப்பதற்றம்தான் என்று அனுப்பிவிட்டனர்.

வழக்கமான இசிஜி பதிவு செய்வது ஏறத்தாழ பத்து விநாடித் துடிப்பை மட்டுமே. தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்கிறது. ஆகவே ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. துடிப்புதோறும் முதலில் எழும் சிறு மேடு 'பி' அலை. அது மேலறைகளின் மின் தூண்டல். அடுத்து எழும் கூர்முனை 'ஆர்', அது கீழறைகளுக்குரியது. இப்பெயர்களைச் சூட்டியவர் 1924-இல் நோபல் பரிசு பெற்ற டச்சு அறிஞர் ஐந்தோவன். இரு ஆர் முனைகளுக்கு இடையிலுள்ள பெரிய கட்டங்களின் எண்ணிக்கையால் 300-ஐ வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். நான்கு கட்டம் எனில் 75.

துடிப்பு சீராக இருந்தால்தான் இக்கணக்கு செல்லும். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் மேலறை நடுக்கத்தில் ஆர் முனைகளின் இடைவெளி எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாது. பி அலை மறைந்து அடிக்கோடு நடுங்கும். அப்போது 30 பெரிய கட்டங்களில் உள்ள ஆர் முனைகளை எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும். இளையோருக்கு மூச்சுக்கேற்ப இடைவெளி சற்று மாறுவதுண்டு. ஆனால் பி அலை ஒவ்வொரு துடிப்பிலும் இருக்கும், அது நோயன்று. கை நடுங்கினாலும் கோடு நடுங்கும். கருவி தானே அச்சிடும் முடிவு அதில் ஏமாந்துபோவதும் உண்டு.

மேலறை முறையாகச் சுருங்காதபோது ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இந்நோயாளிகளுக்கு அந்த அபாயம் சுமார் ஐந்து மடங்கு அதிகம். உறைவைத் தடுக்கும் மருந்துகள் அதைப் பெருமளவு குறைக்கின்றன. நோய் கண்டறியப்பட்டால்தானே மருந்து?

படபடப்பு வந்து போகும் தன்மையுடையதெனில், அது இருக்கும்போதே இசிஜி எடுத்தாக வேண்டும்; இயலாவிடில் 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் கூடாது. மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் கட்டங்களை எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரண்டாவது மருத்துவர் எனக்கு ஹோல்டர் பொருத்தினார். அதிகாலை மூன்று மணிப் பதிவில் பி அலைகளைக் காணவில்லை.