அட்டையில் துளை போட்டவர்கள்

ஆர்.கே.பேட்டையில் எங்கள் வீட்டு விசைத்தறியில் அறுந்த இழை பிணைத்துக்கொண்டிருந்த நான், இப்போது சென்னையில் தரவுப் பகுப்பாய்வு வேலையில் இருக்கிறேன். தறிக்காரப் பையனுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் கேட்கிறார்கள். இந்தத் தொழிலை உண்டாக்கியவர்களே வேறு தொழிலிலிருந்து வந்தவர்கள்தான் என்பது என் பதில்.

பிரான்சின் லியோன் நகரத்து நெசவாளி மகன் ஜக்கார்டு, 1804-இல் அட்டையால் இயங்கும் தறிப் பொறியை உருவாக்கினார். அட்டையில் துளை இருந்தால் பாவு இழை மேலே எழும்பும். இல்லையென்றால் கிடந்த இடத்தில் கிடக்கும். காஞ்சிபுரம் பட்டுத் தறிகளின் தலைக்கு மேல் நிற்கும் ஜக்கார்டு பெட்டி அந்த வழியில் வந்ததுதான். துளை உண்டு, இல்லை என்ற இரண்டை வைத்தே முந்தானை முழுக்க மயில் நெய்துவிடலாம்.

இதுபோன்ற துளை அட்டையை எண்ணும் வேலைக்குக் கொண்டுவந்தவர், அமெரிக்காவில் சுரங்கக் கல்லூரியில் படித்த ஹெர்மன் ஹாலரித். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். அதைத் தொகுத்து முடிக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. ஆளுக்கு ஓர் அட்டை, வயதுக்கும் தொழிலுக்கும் தனித்தனித் துளை என்று அவர் வகுத்தார். துளை வழியே ஊசி இறங்கிப் பாதரசத்தைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து, எண்காட்டியின் முள் ஓர் எண் நகரும். 1890 கணக்கெடுப்பை இந்தப் பொறிகளே எண்ணி முடித்தன. அவருடைய நிறுவனம் மற்றவற்றோடு இணைந்து, 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது.

நம் நாட்டிலும் இதே கதைதான். மகலனோபிஸ் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர், வங்காளத்துச் சணல் விளைச்சலை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்டுக் காட்டினார். கணிதம் படித்த சி.ஆர்.ராவ் ராணுவ வேலைக்கான நேர்காணலுக்காகக் கல்கத்தா போனார். அது கிடைக்காமல் 1941-இல் அந்தக் கழகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். நான்கே ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது.

எண்ணிக்கைக்கு எவ்வளவு வலிமை என்பதை எங்கள் திருத்தணிப் பக்கத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆந்திராவோடான எல்லைக்காக ம.பொ.சி. நடத்திய போராட்டத்துக்குப் பின், நடுவர் படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்த்தே எல்லையைப் பரிந்துரைத்தார். அதன்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் கேட்டு எழுதிய பதில்கள் கூடித்தான் ஒரு வட்டாரம் எந்த மாநிலம் என்பது முடிவானது.

இந்த வேலைக்கு வேண்டிய எக்ஸெல், எஸ்க்யூஎல், பைத்தான் எல்லாம் பழகப் பழக வந்துவிடும். எதைக் கேட்பது என்பதை மட்டும் எந்த வகுப்பும் கற்றுத்தராது. நூல் விலைப் பட்டியலைப் பார்த்தால், விலை ஏறிய மாதங்களில் எத்தனை தறி நின்றிருக்கும், கூலி எவ்வளவு குறைந்திருக்கும் என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது. அந்தக் கேள்வி எனக்குத் தறியடியில் கிடைத்தது. செவிலியருக்கு வார்டில், நடத்துநருக்குப் பேருந்தில், விவசாயிக்கு வயலில் அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். வேலை மாற நினைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பழைய தொழிலை மறைக்காதீர்கள், விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.