10 நாள் தண்டனையும் 25 ஆண்டுச் சிறையும்

அரசு வழக்கறிஞரின் கடமை எப்படியேனும் தண்டனை பெற்றுத் தருவதன்று. உண்மையை நீதிமன்றத்தின் முன் வைப்பதே. அக்கடமை மீறப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த மைக்கேல் மார்ட்டன் வழக்கைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

1986 ஆகஸ்டில் மார்ட்டனின் மனைவி வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். மறு ஆண்டே அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கொலையின்போது தந்தை வீட்டில் இல்லை என்று 3 வயது மகன் பாட்டியிடம் கூறியதும், பச்சை வேனில் வந்த ஒருவர் வீட்டருகே நடமாடியதை அண்டை வீட்டார் கண்டதும் காவல்துறைக் கோப்பில் பதிவாகியிருந்தன. அவை எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை. குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றை மறைக்கலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-லேயே பிராடி வழக்கில் தீர்ப்பளித்திருந்தது.

மரபணுச் சோதனை உண்மைக் கொலையாளியைக் காட்டிக்கொடுத்த பின், 2011-ல் மார்ட்டன் விடுதலையானார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழிந்திருந்தன. இடையே, 1988-ல், அதே கொலையாளி மற்றொரு பெண்ணையும் கொன்றிருந்தான்.

வழக்கை நடத்திய கென் ஆண்டர்சன் பின்னாளில் நீதிபதியாகவும் உயர்ந்திருந்தார். 2013-ல் நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு 10 நாள் சிறையும் 500 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. வழக்கறிஞர் உரிமத்தையும் அவர் இழந்தார். நன்னடத்தைக் கழிவு போகச் சிறையில் இருந்தது 5 நாள்.

தண்டனை போதாது என்ற சினம் நியாயமானதே. என் கவலை அதற்கும் அப்பாற்பட்டது. வழக்கு நடத்தியதற்காக அரசு வழக்கறிஞரிடம் இழப்பீடு கோர முடியாது என்று 1976-ல் இம்ப்ளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவர் அச்சமின்றிப் பணியாற்ற வேண்டும் என்பது காரணம். தவறிழைத்தால் தொழில்முறை ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்பது ஆறுதல். ஆனால், மறைக்கப்பட்ட சான்று வெளிவரப் பல்லாண்டுகள் ஆகின்றன. அதற்குள் புகாருக்கான காலவரம்பு கடந்துவிட்டால் அந்த ஆறுதலும் பொய்யாகிறது.

டெக்சாஸ் 2013-ல் இரு சட்டங்களை இயற்றியது. மார்ட்டனின் பெயர் தாங்கிய முதலாவது, அரசுத் தரப்புக் கோப்புகளை எதிர்த்தரப்புக்குத் திறந்துவிட்டது. மற்றொன்று, சான்றை மறைத்த அரசு வழக்கறிஞர் மீதான புகாரின் காலவரம்பை, தவறாகச் சிறைப்பட்டவர் விடுதலையாகும் நாளிலிருந்து எண்ணச் செய்தது. அதிகம் பேசப்படாத இந்த இரண்டாவது சட்டமே முக்கியமானது என்பேன். பாதிக்கப்பட்டவர் சிறையில் கழித்த காலமே, அவரைச் சிறைக்கு அனுப்பியவருக்குக் கேடயமாகிவிடக் கூடாது.