பனிமூட்டமா, புகைமூட்டமா? கண்டறிவது எப்படி?

காலையில் தோட்டமும் சாலையும் வெள்ளையாக மங்கித் தெரிந்தால், அது பனியா புகையா என்று கண்ணால் மட்டும் சொல்வது கடினம். அளவீடுகளைப் பாருங்கள்.

பனிமூட்டம்: காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். ஈரப்பதம் 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும்.

புகைமூட்டம்: காடு, கரிமண் நிலம் எரிவதால் பரவும் நுண்துகள்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அதிகம். ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கி, மழையும் இல்லாமல், நண்பகலிலும் மங்கல் நீடித்தால் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து, சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள்:

0–50: நன்று
51–100: மிதமானது
101–200: ஆரோக்கியமற்றது
201–300: மிகவும் ஆரோக்கியமற்றது
300க்கு மேல்: அபாயகரமானது

2013 ஜூனில் மூவாரில் இது 700ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள்: நுண்துகள் அளவு 24 மணி நேரச் சராசரியாகக் கணக்கிடப்படுகிறது. புகை திடீரென வந்தால் குறியீடு மெதுவாகத்தான் ஏறும். அதிகாலையில் பனியும் புகையும் கலந்தும் இருக்கலாம். எனவே எரிந்த வாடை வீசினால், கண் எரிந்தால், குறியீடு உயரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், முதியவர்கள் வீட்டுக்குள் இருப்பதே நல்லது. வெளியே வேலை செய்வோர் என்95 முகக்கவரி அணியலாம்.