எபிசோட் 37: சிவப்பா, பச்சையா? சிட்ரோயன் டி.எஸ். காரும் பதினொரு வருஷக் கசிவும்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு கசிவைப் பத்திப் பேசப் போறோம். மெமரி லீக் இல்லை, நிஜமாவே எண்ணெய் கசியுற கதை.

ஒரு பழைய சிட்ரோயன் டி.எஸ். காரை ராத்திரி நிறுத்திட்டுப் போறீங்க. அப்போ நல்லா நிமிர்ந்து நிக்குது. காலைல வந்து பார்த்தா வயிறு தரையைத் தொடுற மாதிரி உட்கார்ந்திருக்கு. பழக்கம் இல்லாதவங்க "சஸ்பென்ஷன் போச்சு, எங்கேயோ லீக்"னு முடிவு பண்ணிடுவாங்க. ஆனா அது இந்தக் காரோட சுபாவம். இன்ஜினை ஆன் பண்ணினா பம்ப் ஓடும், கார் மெதுவா எழுந்து நிக்கும். அப்போ எது கோளாறு, எது சுபாவம்? இந்தக் கேள்விக்குள்ள அறுபது வருஷ வரலாறு இருக்கு.

பட்டம் இல்லாத ஆள்

போல் மாஜெஸ் 1908-ல் பிறந்தவர். 1925-ல், பதினேழு வயசுல, சிட்ரோயனில் வேலைக்குச் சேர்ந்தார். இன்ஜினியரிங் பட்டம் கிடையாது. நாலு வருஷம் பி.இ. படிச்சிட்டு வந்து மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கிற எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது! இரண்டாம் உலகப்போர் நடந்துக்கிட்டு இருந்த சமயத்துல, கம்பெனியோட தலைவர் பியர் புலாஞ்ஜே அவரை வடிவமைப்புப் பிரிவுக்குக் கொண்டு வந்தார்.

மாஜெஸ் எடுத்துக்கிட்ட பிரச்சினை ரொம்பப் பழசு. இரும்பு ஸ்ப்ரிங் மெதுவா இருந்தா சொகுசா இருக்கும், ஆனா நாலு பேர் ஏறினா கார் அமுங்கிடும். கடினமா வெச்சா அமுங்காது, ஆனா ஒவ்வொரு பள்ளமும் முதுகுல இடிக்கும். ரெண்டுல ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. மாஜெஸ் ஒத்துக்கலை. இரும்பை எடுத்துட்டு அந்த இடத்துல வாயுவை வெச்சார்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்பு உருண்டை. அதுக்குள்ள நடுவுல ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒரு பக்கம் அழுத்தி அடைச்ச நைட்ரஜன், இன்னொரு பக்கம் எண்ணெய் மாதிரி ஒரு திரவம். சக்கரம் மேட்டுல ஏறினா பிஸ்டன் திரவத்தைத் தள்ளும். திரவம் அமுங்காது, அதனால நைட்ரஜன் அமுங்கும். அதுதான் ஸ்ப்ரிங். ஆள் ஏறி கார் இறங்கினா, உயரத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கிற ஒரு வால்வு இன்னும் கொஞ்சம் திரவத்தை உள்ளே விடும். கார் பழைய உயரத்துக்கே வந்துடும். மென்மையும் வேணும், அமுங்கவும் கூடாதுன்னா ரெண்டும் கிடைக்கும்.

1954-ல் 15 சிக்ஸ் எச் என்ற மாடலில் பின்சக்கரங்களுக்கு மட்டும் இதைப் போட்டுப் பார்த்தாங்க. 1955 அக்டோபர் 5-ஆம் தேதி பாரிஸ் மோட்டார் ஷோவில் டி.எஸ். 19 அறிமுகமானது. பிரெஞ்சுல 'டி.எஸ்.'னு சொன்னா 'தேவி'னு கேட்கும். முதல் நாள் முடியறதுக்குள்ள சுமார் 12,000 பேர் ஆர்டர் கொடுத்தாங்க.

ஒரே ரத்த ஓட்டம்

இங்கேதான் கதை சூடு பிடிக்குது. டி.எஸ். 19-ல் அந்தத் திரவம் சஸ்பென்ஷனுக்கு மட்டும் இல்லை. பிரேக், ஸ்டியரிங், கிளட்ச், கியர் மாத்துறது எல்லாமே அதே அழுத்தத்துல, ஒரே பம்ப்பை நம்பி ஓடுது. அழுத்தம் எவ்வளவுன்னா சுமார் 150-லிருந்து 170 பார். நம்ம கார் டயர்ல இருக்கிறது ரெண்டு பார் சொச்சம்.

அப்போ கசிவுன்னா "கொஞ்சம் ஆட்டம் அதிகமா இருக்கு"ங்கிற அளவுல நிக்காது. கியர் விழாம போகலாம், ஸ்டியரிங் கனத்துடலாம். பிரேக்குக்குன்னு தனியா ஒரு சேமிப்பு உருண்டை வெச்சிருந்தாங்க, ஏன்னா அது இல்லைன்னா உயிர் போயிடும்னு அவங்களுக்கும் தெரியும்.

முதல் வருஷங்கள்ல கார்கள் கசியத் தொடங்கின. ரகசியமா தயாரிச்ச கார்ங்கிறதால ஊர் ஊரா இருந்த மெக்கானிக்குகளுக்கு இதோட உள்விவரம் தெரியாது. வழக்கமான காரைப் பார்க்கிற கண்ணோட பார்த்தாங்க. ஈரம் தெரிஞ்ச இடத்துல ஜாயின்ட்டை இறுக்கினாங்க. அடுத்த வாரம் வேற இடத்துல ஈரம். தும்பை விட்டு வாலைப் பிடிச்ச கதைதான்.

தும்பு எதுன்னா, அந்தத் திரவமே.

விளக்கெண்ணெயிலிருந்து தொடங்குது

அந்தக் காலத்து பிரேக் ஆயில்ல விளக்கெண்ணெய் ஒரு முக்கியச் சேர்மானம். டி.எஸ்.ஸோட முதல் திரவமும் அதே குடும்பத்து தாவர எண்ணெய் வகைதான். சீக்கிரமே அதை மாத்திட்டு எல்.எச்.எஸ்.னு ஒரு செயற்கைத் திரவம் கொண்டு வந்தாங்க. சிவப்பு நிறம். ரெண்டுக்கும் ஒரே வியாதி: காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும்.

சாதாரண பிரேக்ல இது சமாளிக்கக்கூடிய விஷயம். டி.எஸ்.ல அப்படி இல்லை. அதோட வால்வுகள்ல உலோகமும் உலோகமும் உரசுற இடைவெளி சில மைக்ரான்தான். நம்ம தலைமுடியோட தடிமனே சுமார் 70 மைக்ரான். அவ்வளவு நுணுக்கமான இடத்துல தண்ணி சேர்ந்தா துரு பிடிக்கும். ஒரு சின்ன துருப்புள்ளி போதும், அதோட ஓரத்துல திரவம் வழி கண்டுபிடிச்சிடும். கார் ஓடாம சும்மா நின்னா இன்னும் மோசம். ரொம்ப நாள் நிறுத்தி வெச்ச கார்தான் அதிகமா கசியும்.

ஒண்ணை கவனிங்க. மாஜெஸோட இயந்திரக் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. கடைசல் வேலையும் பிரமாதம். தப்பு இருந்தது அதுக்குள்ள ஓடின திரவத்துல. ஆனா கசிவைப் பார்த்தவங்க எல்லாரும் குழாயைப் பார்த்தாங்க, மூடியைப் பார்த்தாங்க. பாட்டிலைப் பார்க்கலை.

பெட்டி-கிளமார், 1962

அந்தச் சிவப்புத் திரவத்தோட காலத்துலதான் இந்தக் காரோட ரொம்பப் பிரபலமான சம்பவம் நடந்தது. 1962 ஆகஸ்ட் 22. பாரிஸுக்கு வெளியே பெட்டி-கிளமார். அதிபர் சார்ல்ஸ் தெ கோல் போன டி.எஸ். மேல துப்பாக்கிகளோட ஒரு கும்பல் பாய்ந்தது. திட்டம் போட்டவர் ஜான்-மாரி பாஸ்தியன்-திரி, விமானப்படை இன்ஜினியர். நூத்துக்கும் மேல குண்டுகள். டயர்கள் கிழிஞ்சது. ஓட்டுநர் பிரான்சிஸ் மரூ காரை நிறுத்தாம ஓட்டிக்கிட்டுப் போனார். தெ கோலும் அவர் மனைவியும் காயமில்லாம தப்பினாங்க.

"சஸ்பென்ஷன்தான் காப்பாத்துச்சு"னு இணையத்துல நிறையப் பேர் ஒரே வரியில முடிச்சிடறாங்க. ஓட்டுநரோட திறமை, முன்சக்கரத்துல இழுக்கிற வடிவமைப்பு, குண்டு படாத அதிர்ஷ்டம், எல்லாத்துக்கும் பங்கு உண்டு. ஆனா டயர் போன காரை நேரா, மட்டமா வெச்சுக்கிட்டதுல அந்த எண்ணெய் உருண்டைகளுக்கும் பங்கு இருக்கு. அன்னைக்கு ஒரு குண்டு முக்கியமான அழுத்தக் குழாய்ல பட்டிருந்தா கதை வேற மாதிரி முடிஞ்சிருக்கலாம். ஒரே ரத்த ஓட்டத்தோட பலமும் அதுதான், பயமும் அதுதான்.

1966: பச்சைக்கு மாறுறாங்க

1966 செப்டம்பர்ல, 1967-ஆம் வருஷ மாடல்களுக்காக, சிட்ரோயன் எல்.எச்.எம்.னு ஒரு புதுத் திரவத்தைக் கொண்டு வந்தது. கனிம எண்ணெய் வகை. ஈரத்தை உறிஞ்சாது, துருவைத் தடுக்கும், உள்ளே ஓடுற பாகங்களுக்கு மசகாவும் இருக்கும். பளிச்னு பச்சை நிறம். பதினொரு வருஷத் தலைவலி பெரும்பாலும் அங்கேயே தீர்ந்தது. அமெரிக்காவுக்குப் போன கார்கள் மட்டும், அங்கே இருந்த பிரேக் ஆயில் விதிகளால, 1969 வரைக்கும் சிவப்பிலேயே ஓடின.

ஆனா இதுக்கு ஒரு விலை இருந்தது. நம்ம பாஷையில சொன்னா இது பிரேக்கிங் சேஞ்ச். பழசோட ஒத்துப்போகாத புது வெர்ஷன். சிவப்புக்குன்னு செஞ்ச ரப்பர், பச்சைத் திரவத்துல ஊறி உப்பி வீணாகும். பச்சைக்குன்னு செஞ்ச ரப்பரை சிவப்பு கெடுக்கும். பழைய கார்ல புதுத் திரவத்தை ஊத்தி "அப்கிரேட்" பண்ண முடியாது. ஒவ்வொரு ரப்பர் வளையமும், உருண்டைக்குள்ள இருக்கிற சவ்வும் மாத்தணும்.

இந்த ஆபத்தைச் சமாளிக்க சிட்ரோயன் எடுத்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சது. புதுத் திரவத்துக்கான பாகங்களுக்கே பச்சை பெயின்ட் அடிச்சுட்டாங்க. பழசு கறுப்பு. மேனுவல் படிக்காத, பிரெஞ்சு தெரியாத மெக்கானிக்குக்கும் பானெட்டைத் திறந்ததும் புரியும். ஆவணம் தனியா அலமாரியில இல்லை, பாகத்து மேலேயே இருக்கு.

சரி, கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இன்னைக்கும் இந்தக் கார்களை வெச்சிருக்கிறவங்க செய்யுற வரிசை, அந்த வரலாறு கத்துக் கொடுத்ததுதான்.

முதல்ல நிறம். டேங்க்ல இருக்கிறது சிவப்பா, பச்சையா? பாகங்களோட நிறத்தோட ஒத்துப்போகுதா? ஒத்துப்போகலைன்னா மேற்கொண்டு எதையும் தேட வேண்டாம். யாரோ தப்பான பாட்டிலை ஊத்தியிருக்காங்க.

ரெண்டாவது, அளவு. இன்ஜின் ஓடும்போது, காரை உச்ச உயரத்துல நிறுத்தித்தான் திரவ அளவைப் பார்க்கணும். கார் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தா, சிலிண்டர்ல இருந்த திரவம் டேங்குக்குத் திரும்பியிருக்கும். எழுந்து நிக்கும்போது பார்த்து "குறையுதே"னு கூடுதலா ஊத்தினா, உட்காரும்போது வழியும். அதைக் கசிவுன்னு நினைச்சு ஏமாந்தவங்க நிறைய.

மூணாவது, காதால கேட்கணும். அழுத்தம் குறைஞ்சதும் பம்ப் வேலைக்கு வரும், நிரம்பினதும் ஓயும். ஒவ்வொரு தடவையும் 'டிக்'னு ஒரு சத்தம். யாரும் எதையும் தொடாம இன்ஜின் மட்டும் ஓடும்போது, அந்த 'டிக்' எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறைன்னு எண்ணுங்க. அடிக்கடி வந்தா ரெண்டு சாத்தியம். முக்கியச் சேமிப்பு உருண்டையில நைட்ரஜன் போயிருக்கலாம். இல்லைன்னா உள்கசிவு: திரவம் வெளியே வராம, தேய்ஞ்ச வால்வு வழியா டேங்குக்கே திரும்பிப் போயிடுது. தரை காஞ்சிருக்கும், ஆனா கசிவு இருக்கும். நிஜமான மெமரி லீக் இதுதான்!

நாலாவது, வெளியே தெரியுற ஈரம். இங்கே ஒரு நுட்பம். சிலிண்டர்ல பிஸ்டனைத் தாண்டி சொட்டு சொட்டா திரவம் வர்றது வடிவமைப்பிலேயே உண்டு. அதை ஒரு ரப்பர் உறை பிடிச்சு, சின்னக் குழாய் வழியா டேங்குக்கு அனுப்பும். சக்கரத்துப் பக்கம் தரை நனைஞ்சா, விலை அதிகமான சிலிண்டரை மாத்துறதுக்கு முன்னாடி அந்த உறை கிழிஞ்சிருக்கா, திரும்புற குழாய் அடைச்சிருக்கான்னு பார்க்கணும். பல நேரம் கோளாறு அந்தச் சின்ன ரப்பர்லதான் இருக்கும்.

கார் குதிரை மாதிரி துள்ளுதா? அது பெரும்பாலும் திரவக் கசிவு இல்லை. வருஷக்கணக்கா நைட்ரஜன் சவ்வு வழியா மெதுவா ஊடுருவிப் போயிருக்கும். உருண்டைக்கு மறுபடி வாயு ஏத்தணும், இல்லைன்னா மாத்தணும்.

ஒரு எச்சரிக்கை: அழுத்தத்துல இருக்கிற குழாயைக் கையால தடவித் தேடாதீங்க. 150 பார்ல பீய்ச்சுற திரவம் தோலைத் துளைச்சு உள்ளே போகும். அழுத்தத்தைத் திறந்துவிட்டா கார் சட்டுனு கீழே உட்காரும். ஸ்டாண்ட் வைக்காம அடியில போறது தற்கொலைக்குச் சமம்.

பாடம் கடன் வாங்க முடியாதா?

1965-ல் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ வந்தது. அதோட உயரச் சமன் அமைப்புக்கு சிட்ரோயன்கிட்ட உரிமம் வாங்கினாங்க. ஆனா உள்ளே ஊத்தினது பிரேக் ஆயில் வகைத் திரவம். அடுத்த வருஷமே சிட்ரோயன் அந்த வழியை விட்டு வெளியே வந்துடுச்சு. ரோல்ஸ் ராய்ஸ் கனிம எண்ணெய்க்கு மாறினது 1980-ல், சில்வர் ஸ்பிரிட் காரோட. பதினஞ்சு வருஷம்! உரிமத்தோட வரைபடம் கிடைச்சது, அனுபவம் கிடைக்கலை. விளைவு, இன்னைக்கும் பழைய ரோல்ஸ் ராய்ஸ் வாங்குறவங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி அதேதான்: இதுக்கு எந்தத் திரவம்?

டி.எஸ். 1975-ல் நின்னது. அதுக்குள்ள சுமார் 14.5 லட்சம் கார்கள். மாஜெஸ் 1999-ல் காலமானார். அவர் தொடங்கின அந்த உருண்டை சஸ்பென்ஷன், 2017-ல் சிட்ரோயன் சி5 நின்னதோட கார் தயாரிப்பிலிருந்து விடைபெற்றது.

இனி புதுசா எதுவும் வராது. மிச்சம் இருக்கிற கார்கள் துருவால சாகுறதை விட, நல்ல எண்ணத்தோட யாரோ ஊத்துற ஒரு லிட்டர் தப்பான திரவத்தால சாகுறதுதான் பரிதாபம். பட்டம் இல்லாத ஒருத்தர் யோசிச்சதை, பட்டம் வாங்கின நாம காப்பாத்தணும்னா பெரிய அறிவெல்லாம் வேண்டாம். மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி நிறத்தைப் பார்த்தா போதும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.